ஒன்பதாம் நாள் பிரித்த முட்டு

தம்பி,

நேற்று முன்தினம் மத்தியானம் நீ போனை வைத்ததிலிருந்து உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று தவிக்கிறேன். திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை உன் நம்பரை அழுத்திவிட்டு நானே துண்டித்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் நான் வழக்கம்போல வீறாப்பாக எதையாவது பேசுவேன், சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே போனை வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். உன் அம்மா மருமகள் பவானியைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருக்கிறாள், சாயங்காலம்தான் வருவாள். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நான் எட்டாம் வகுப்பு படித்தவன். ஆனால் திங்கள்கிழமை காலை நீ சைட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் கடைசிப் பக்கம் வரை படித்துவிட வேண்டும்.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் கேட்டேனா என்று எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன். போன சனிக்கிழமை உங்கள் கட்டடத்தில் பதினாலாவது மாடிக்குத் தளம் போட்டீர்கள். திங்கள்கிழமை பூகம்பம் வந்தது. எங்கேயோ மலைக்கு அந்தப் பக்கம், பஸ்ஸில் போனால் ஒரு நாள் முழுக்க ஆகும் தூரத்தில் பூமி குலுங்க, நீ வேலை பார்க்கும் ஊரில் பாதி கட்டி நின்ற ஒரு உயரமான கட்டடம் மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. அது உன் சைட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி. உங்களுடையது நின்றது. இப்போது கம்பெனிக்காரர்கள் நாள் போய்விட்டது என்று அவசரப்படுகிறார்கள். வருகிற திங்கள்கிழமை பதினாலாவது தளத்தை அடியில் தாங்கி நிற்கும் முட்டுகளைப் பிரித்து அடுத்த மாடிக்கு ஏற்ற வேண்டும், அதற்கு நீ கையெழுத்துப் போட வேண்டும். கான்கிரீட் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று உடைத்துப் பார்க்கும் கியூப், லேப் மூடிக் கிடப்பதால் அப்படியே கிடக்கிறது. இதெல்லாம் சொல்லிவிட்டு நீ சிரித்தாய். "எப்பா, திங்கக்கிழமை வந்தா ஒம்பது நாள் ஆயிருது. நம்ம குடும்ப வழக்கந்தான. நீங்க எம்புட்டு வீட்டுல ஒம்பதாம் நாளே பிரிச்சிருக்கீங்க, ஒண்ணும் ஆகலைல்லா? நானும் ஒங்கள மாதிரி கம்பியால தட்டிப் பாத்தேன், கணீர்னுதான் இருக்கு" என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய், தெரிகிறது. ஆனால் அந்த விளையாட்டுக்குள் பாதி நம்பிக்கையும் இருந்தது. உன்னைப் பெற்றவனுக்கு அது கேட்காமல் போகுமா. நான் என்ன பதில் சொன்னேன்? "பாத்து செய்யிலே" என்றேன். அதைச் சொன்ன வாயை என்ன செய்யலாம் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

அந்தக் கட்டடம் விழுகிற வீடியோவை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பார்க்கக் கூடாது என்று போனைக் கவிழ்த்து வைப்பேன், செத்த நேரம் கழித்துக் கை தானாக எடுக்கும். எல்லாரும் புழுதியைப் பார்க்கிறார்கள். நான் அதற்கு முந்தின நொடியைப் பார்க்கிறேன். உச்சியில் ஒரு தளம் கீழே வருகிறது, அடுத்தது அதைத் தாங்காமல் வருகிறது, பிறகு எண்ண முடியவில்லை. உள்ளே முட்டுக் கம்பிகள் நிற்பது தெரிகிறது. முப்பது வருடம் தளத்துக்கு முட்டும் தகரமும் கட்டுகிற சென்ட்ரிங் வேலை பார்த்தவன் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரிகிறது. உன் அம்மா "என்ன செய்யிது ஒங்களுக்கு, மொகமே சரியில்லையே" என்று கேட்டாள். வாயு என்று சொன்னேன். சீரகத் தண்ணி போட்டுக் கொடுத்தாள், குடித்தேன். டிவியில் அந்தச் செய்தி வரும்போதெல்லாம் சேனலை மாற்றிவிடுகிறேன். நீ இருக்கும் ஊரில் லேசாக ஆடியது என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். நீ பதினாலு மாடி உயரத்தில் நிற்கிறாய் என்பது அவளுக்குத் தெரியும், ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாது. நேற்று மார்க்கெட்டுக்குப் போகும்போது ராஜபாளையத்தில் பாதியில் நிற்கிற கட்டடங்களை எல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போய் ஒரு ஆட்டோவில் மோதப் பார்த்தேன். நான் கட்டிய வீடுகளுக்கு அடியிலேயே நடக்கப் பயமாக இருக்கிறது.

உனக்கே பாடம் எடுக்கிறேன் என்று சிரிக்காதே. நீ எனக்குச் சொன்னதையும் நான் கையால் தெரிந்துகொண்டதையும் சேர்த்து வைத்து யோசித்ததில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். எங்காவது தப்பாக இருந்தால் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். தூரத்தில் வந்த பூகம்பம் நம் பக்கம் வரும்போது சடசடவென்று குலுக்காமல் மெதுவாக, தொட்டில் ஆட்டுவதைப்போல ஆட்டும் என்று நீ சொன்னாய். அடி மண் களிமண்ணாக இருந்தால் ஆட்டம் இன்னும் கூடும். சின்ன வீடு அந்த மெதுவான ஆட்டத்தை அவ்வளவாக வாங்காது, உயரமான கட்டடம் முழுசாக வாங்கும். கட்டி முடித்த கட்டடம் என்றால் தூணும் பீமும் லிப்டைச் சுற்றி ஓடும் கனத்த சுவரும் ஒன்றுக்கொன்று கைகோத்து நிற்கும், ஆட்டத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தில் அந்தக் கைகள் இன்னும் சேரவில்லை. மேலே போகப் போக வெறும் தூண்கள். நேற்றுப் போட்ட தளம் தன் கனத்தைத் தானே தாங்காது, முட்டின் மேல் படுத்திருக்கிறது. அந்த முட்டு நிற்பது முந்தின தளத்தில். அதுவும் இன்னும் இறுகாத பச்சைத் தளம்தான், அதற்கும் அடியில் முட்டு. இப்படி நாலைந்து மாடியின் பாரம் இன்னும் முழுசாக இறுகாத கான்கிரீட்டின் வழியாக இறங்கிக்கொண்டிருக்கிறது. இதற்கு மேல் செங்கல், கம்பிக் கட்டு, தண்ணீர் டிரம் என்று கண்ட இடத்தில் குவித்து வைத்திருப்பார்கள். முட்டு என்பது நேராக இறங்கும் கனத்தைத் தாங்கத்தான் இருக்கிறது, பக்கவாட்டில் தள்ளினால் சாயும். ஒன்று சாய்ந்தால் பக்கத்தில் இருப்பதற்கு இரண்டு பங்கு கனம் போகும். ஒரு தளம் கீழே விழுந்தால் அதைப் பிடித்து நிறுத்த அடுத்த தளத்துக்கு ஏது பலம்?

உங்கள் கட்டடம் விழவில்லையே என்று நீ கேட்பாய். அதுதான் எனக்கு இன்னும் பயம். போட்டு இரண்டே நாள் ஆன கான்கிரீட்டை அந்த ஆட்டம் ஆட்டியிருக்கிறது. இறுகிக்கொண்டிருக்கும்போது அசைத்தால் உள்ளே கம்பிக்கும் கலவைக்கும் இருக்கும் பிடிப்பு விட்டுப்போகும். வெளியே மழுமழுவென்று இருக்கும், உள்ளே என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. சாதாரண நாளில் கியூபை உடைத்துப் பார்த்து, கீழ் மாடிகளில் முட்டு வைத்து, கணக்குப் போட்டு எடுத்தால் ஒன்பது நாளுக்கும் முன்பேகூட எடுக்கலாம் என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். நான் மறுக்கவில்லை. ஒன்பது என்ற எண்ணில் ஒன்றும் இல்லை. கியூப் உடைக்காமல், ஆடிப்போன தளத்தை ஆராயாமல், அப்பா செய்திருக்கிறார் என்ற தைரியத்தில் எடுப்பது வேறு. அந்தத் தைரியத்தைத்தான் நான் உன்னிடமிருந்து பிடுங்கிப்போட வேண்டும். அதற்கு ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும், இருபத்தோரு வருடமாக நான் சொல்லாதது.

நான் ஒன்பதாம் நாள் பிரிப்பதற்குப் பேர்போனவன். சென்ட்ரிங்காரர்கள் கூடுகிற டீக்கடையில் அதைச் சொல்லியே மார்தட்டுவேன். நீயும் கேட்டிருக்கிறாய். தளத்தின் அடியில் கம்பியால் தட்டி, காதைச் சாய்த்து, கண்ணை மூடி, "பிரிங்கலே" என்பேன். ஏதோ வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி. உண்மை என்ன தெரியுமா? என்னிடம் இருந்த சவுக்குக் கம்பும் தகரமும் ஒன்றரை வீட்டுக்குத்தான் காணும். ஒரு வீட்டில் முட்டு நிற்கும்போது அடுத்த வீட்டுக்காரர் தளம் போட நாள் குறித்துவிட்டு வந்து நிற்பார். மூன்று வாரம் பொறுங்கள் என்று சொன்னால் வேறு ஆளைப் பார்ப்பார். அதனால் தட்டிப் பார்ப்பது என்று ஒரு வித்தையை உண்டாக்கிக்கொண்டேன். தட்டினால் ஒன்றும் தெரியாது தம்பி. இரண்டு நாள் கழிந்த தளமும் கணீரென்றுதான் கேட்கும், இருபது நாள் கழிந்ததும் அப்படித்தான் கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்து நான் ஒரு நாளும் முடிவு செய்ததில்லை. கம்பு அடுத்து எந்த வீட்டுக்குத் தேவை என்பதை வைத்துத்தான் முடிவு செய்தேன். சின்னச் சின்ன அறைகள், நல்ல கலவை, அதனால் பிழைத்தேன்.

ஒரு முறை பிழைக்கவில்லை. நீ அப்போது ஐந்தாம் வகுப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் போகும் வழியில் ஒரு வீடு. முன்பக்கம் போர்டிகோ, இரண்டு ஆள் நீளத்துக்கு வெளியே நீட்டிய தளம், முன்னால் தூண் கிடையாது. அப்படி ஒரு பக்கப் பிடியில் நிற்கிற தளத்தின் முட்டைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரியும், நானே நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது ஆனி மாதக் கடைசி. அடுத்துத் தளம் போட வேண்டிய செட்டியார்பட்டி வீட்டுக்காரர் நம் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். "ஆடி பொறந்துட்டா தளம் போட ஏலாது அண்ணாச்சி, எங்க வீட்டுப் பெரியவுக ஒத்துக்கிட மாட்டாக. நாளைக்கழிச்சு போட்டே ஆகணும், கறிக்குக்கூடச் சொல்லியாச்சு" என்றார். தளம் போடுகிற அன்று வேலைக்காரர்களுக்கு ஆட்டுக்கறிச் சோறு போடுவது நம் பக்கத்து வழக்கம், உனக்குத் தெரியும். கம்பு நாற்பது குறைந்தது. அந்த நாற்பதும் போர்டிகோவுக்கு அடியில் நின்றது. அன்றைக்கு ஒன்பதாம் நாள்.

நான் தட்டினேன். கணீரென்றுதான் கேட்டது. மேலே ஏறிப் பார்த்தேன். மாடிச் சுவருக்கு வாங்கிய செங்கலைப் போர்டிகோ மேலேயே அடுக்கி வைத்திருந்தார்கள். அதை இறக்கச் சொன்னால் அரை நாள் போகும், ஆள் வேண்டும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை: அந்தச் செங்கலைப் பார்த்தபோது எனக்குப் பயம் வந்தது. வந்த பயத்தை நான் மதிக்கவில்லை. கீழே இறங்கி, என்னிடம் நாலு வருடமாக வேலை பார்த்த வன்னியம்பட்டி சுப்பையாவிடம், "பிரிலே" என்றேன். அவன் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, "செங்கல் கெடக்கே அண்ணாச்சி" என்றான். "நான் தட்டிப் பாத்துட்டேன்லே, எடு" என்றேன். வெளி ஓரத்திலிருந்து எடுத்துக்கொண்டே உள்ளே போனான். கடைசி வரிசையில் இருந்தபோது ஒரு சத்தம், துணி கிழிகிற மாதிரி. அவ்வளவுதான். அவனை வெளியே எடுக்கும்போது உயிர் இருந்தது. வலது கால் முட்டிக்குக் கீழே இல்லாமல் போயிற்று.

வீட்டுக்காரர் கேட்டபோது கலவை சரியில்லை என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, வாயிலேயே இருந்த மாதிரி வந்தது. கொத்தனார் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிவிட்டார், சிமெண்டில் கை வைத்துவிட்டார் என்று ஊர் பேசியது. பேசட்டும் என்று விட்டேன். அந்தக் கொத்தனார் இந்தப் பக்கம் வேலை கிடைக்காமல் குடும்பத்தோடு கேரளாவுக்குப் போனார். சுப்பையாவின் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்தேன், பெரிய மனுஷன் என்று பேர் வாங்கினேன். உன்னிடமும் அதையே சொன்னேன். "கலவையைக் கெடுத்தா கட்டடம் ஆளைக் கெடுத்துரும், அதனாலதான் படிச்சவன் வேணும், நீ இஞ்சினியருக்குப் படி" என்றேன். நீ அதை நம்பித்தான் படித்தாய். உன் படிப்புக்கு அஸ்திவாரமாக நான் போட்டது ஒரு பொய். அந்தப் பொய்யின் மேல் நீ பதினாலு மாடி ஏறி நிற்கிறாய். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருப்பதால் எழுத முடிகிறது.

திங்கள்கிழமை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். யாரும் உன்னை மிரட்ட மாட்டார்கள். காப்பி கொடுத்து உட்கார வைப்பார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, உன்னுடையது ஒன்றுதான் பாக்கி என்று தாளை நகர்த்துவார்கள். ஆட்கள் வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் உன் முகத்தைப் பார்ப்பார்கள். அப்போது உனக்கும் அந்தப் பயம் வரும். அதைக் கோழைத்தனம் என்று நினைக்காதே. நான் அப்படி நினைத்ததால் வந்த வினை இது. கியூப் உடைத்த ரிசல்ட் வரட்டும், ஆடிய கட்டடத்தை மாடி மாடியாகத் தெரிந்தவர்கள் வந்து பார்க்கட்டும், தூணில் விரிசல் இருக்கிறதா, முட்டு நேராக நிற்கிறதா, மேலே குவித்த கனம் இறங்கிவிட்டதா என்று எழுதிக் கொடுக்கட்டும், பிறகு போடுகிறேன் என்று சொல். எழுத்தில் சொல். வேலையை விட்டு அனுப்பினால் வந்துவிடு. இங்கே சோற்றுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. பவானிக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. உன் அம்மா வளைகாப்புக்கு எடுத்த சேலையின் கலரை இன்னும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ வந்து அந்த வழக்கைத் தீர்த்து வை.

நேற்று நான் வன்னியம்பட்டிக்குப் போனேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அவனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சுப்பையா வீட்டு முன்னால் வேப்பங்குழை ஒடித்து ஆட்டுக்குக் கட்டிக்கொண்டிருந்தான். ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு, "வாங்க அண்ணாச்சி, என்ன இம்புட்டு தூரம்" என்றான். நின்றபடியே சொன்னேன். கலவையில் தப்பில்லை, கம்புக்காகப் பிரித்தேன், செங்கலைப் பார்த்துவிட்டுத்தான் பிரிக்கச் சொன்னேன் என்று. அவன் குழையைக் கட்டி முடித்தான். "தெரியும் அண்ணாச்சி. நாந்தான கேட்டேன், செங்கல் கெடக்கேன்னு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் காலில் விழ வேண்டும் என்று குனிந்தேன், "சும்மா இருங்க, ஆள் பாக்காக" என்று தோளைப் பிடித்து நிறுத்திவிட்டான். பிறகு, "இப்ப ஏன் வந்து சொல்லுதீங்க?" என்று கேட்டான்.

உன் விஷயத்தைச் சொன்னேன். பூகம்பம் வந்தது, தளம் ஆடியது, கியூப் உடைக்கவில்லை, ஒன்பதாம் நாள் பிரிக்கப்போகிறார்கள், நான் தட்டிப் பார்த்ததைப் போல நீயும் தட்டிப் பார்த்தாய் என்று எல்லாம் சொன்னேன். சுப்பையா ஆட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"பிரிக்கையில தம்பி எங்க நிப்பான்?"

"அடியிலதான் நிக்கணும். பதிமூணாவது மாடியில."

சுப்பையா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எனக்குக் கீழ தரை இருந்துச்சு அண்ணாச்சி" என்றான்.

கையெழுத்துப் போடாதே அய்யா. போட மாட்டேன் என்று சொல்வதற்கு மட்டும் எனக்குப் போன் பண்ணு. போன் கையிலேயே இருக்கிறது.

உன் அப்பா